மூன்றாவது பெஞ்சில் ஜெயபால்

2020ஆம் வருடம் மே முப்பத்தொன்று, பெந்தெகோஸ்தே ஞாயிறு, காலை ஏழே கால் மணிக்குச் சம்மனசுநல்லூர் காவல் சம்மனசு கோயிலில் நூற்றுப் பதினெட்டுப் புகைப்படங்கள் முழந்தாளிட்டன. கோயில் பூட்டியிருந்தது. உள்ளே பங்குச் சாமியார் இருதயநாதனும், ஸ்டாண்டில் நிறுத்திய ஒரு செல்போனும், பெருக்கி முடித்துவிட்டு விளக்குமாற்றோடு தூணோரம் ஒதுங்கி நின்ற அம்சமும் மட்டும்தான். சாமியார் பழக்கத்தில், போனைப் பார்த்து, முழந்தாளிடுவோம் என்றார். பெஞ்சுகளின் சாய்மானத்தில் செலோ டேப் போட்டு ஒட்டியிருந்த படங்கள் படபடவென்று டேப்பை உரித்துக்கொண்டு இறங்கின. மார்பளவுப் படங்களுக்கு முழங்கால் ஏது என்று கேட்கலாம். அடி ஓரத்தில் இரண்டு விரற்கடை மடிந்தது, அவ்வளவுதான். அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்ததும் மடிப்பு நிமிர்ந்து, பழையபடி சாய்மானத்தில் ஏறி நின்றுகொண்டன. போனில் பூசை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நெட் சரியில்லை என்று நினைத்தார்கள். மீதிப் பேர் ஆமென் என்று டைப் செய்தார்கள். திருக்காட்டுப்பள்ளியில் சின்ன வெங்காயம் கிலோ எண்பது, டீக்கடையில் பார்சல் மட்டும், சம்மனசுநல்லூரில் படங்கள் முழந்தாளிடுகின்றன என்று அந்த வாரத்துச் செய்திகள் ஒரே வரிசையில் ஊரைச் சுற்றி வந்தன.

படம் ஒட்டும் யோசனை சாமியாருடையது. மார்ச் கடைசியில் ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வந்து கோயில்களை மூடிய பிறகு, அவர் இரண்டு மாதம் காலி பெஞ்சுகளுக்குப் பூசை வைத்தார். வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியைக் காலி செய்து அம்சம் டெட்டால் போட்டுத் துடைத்துக் கவிழ்த்தாள். பாவசங்கீர்த்தனம் புளியமரத்தடிக்கு மாறியது. நடுவில் ஒரு துண்டைக் கட்டி, அந்தப் பக்கம் ஆறடியில் சாமியார், இந்தப் பக்கம் ஆறடியில் பாவி. பன்னிரண்டடி தூரத்துக்குக் கேட்கிற மாதிரி பாவத்தைச் சொல்ல வேண்டியிருந்ததால், ஊரில் பாவம் செய்வது ரொம்பவும் குறைந்துபோனது. குருத்து ஞாயிறன்று நற்கருணையைக் குடியானத்தெரு துரைராசுவின் ட்ராக்டரில் ஏற்றித் தெருத் தெருவாக ஆசீர்வாதம் கொடுத்தார்கள். குடியானத்தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்ற ட்ராக்டரை, காலனி மதகில் வந்ததும் வளைவில் திரும்பாது என்று சொல்லிப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அறுப்புக் காலத்தில் காலனி ஆட்களை ஏற்றிக்கொள்ள இதே ட்ராக்டர் இதே வளைவில் தினமும் திரும்புகிறது. இதையெல்லாம் தாங்கிக்கொண்ட சாமியாரால், 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று சொன்னால் திருப்பிச் சொல்ல யாரும் இல்லாததைத் தாங்க முடியவில்லை. அடுத்த வரி மறந்துபோனது. வெளிநாட்டில் எங்கோ ஒரு சாமியார் பெஞ்சுகளில் ஜனங்களின் படத்தை ஒட்டிக்கொண்டு பூசை வைக்கிறார் என்று பார்த்து, ஆளுக்கு ஒரு படம் அனுப்புங்கள் என்று பங்கு வாட்ஸப்பில் போட்டார்.

குடியானத்தெருவிலிருந்து வந்தவை எல்லாம் லேமினேட் செய்த பெரிய படங்கள். கோட்டு போட்டவை, துபாயில் கட்டடத்தின் முன்னால் நின்றவை, மகள் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு எடுத்தவை. பெஞ்சுகளிலேயே 'உபயம்' என்று போட்டுக் குடும்பப் பெயர் எழுதியிருந்ததால் எந்தப் படம் எங்கே என்பதில் குழப்பம் வரவில்லை. காலனியிலிருந்து வந்தவை அறுபத்து நான்கு. வங்கிக்கும் நூறு நாள் வேலை அட்டைக்கும் எடுத்து மிச்சமிருந்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள். அவற்றுக்கு இடமில்லை. சிலுவை வடிவத்தில் கட்டிய அந்தக் கோயிலின் இடது இறக்கையில்தான் காலனி ஜனங்கள் உட்காருவார்கள், தரையில். அங்கிருந்து பீடம் தெரியாது, தூண் தெரியும். தொண்ணூற்றெட்டில் காலனிக்காரர்கள் சேர்ந்து வேப்பமரத்தில் இரண்டு பெஞ்சு செய்துகொண்டு வந்தபோது இடத்தை அடைக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். வேதாகமத்தில் பெஞ்சைப் பற்றி ஒரு வரி கிடையாது என்பதால் சாமியார்களும் அதில் தலையிடவில்லை. பங்குப் பேரவையின் துணைத்தலைவர் துரைராசு இந்த முறையும் தெளிவாகச் சொன்னார்: "படம் ஒட்டணும்னா பெஞ்சு வேணும் சாமி. அவங்க பக்கம் பெஞ்சு கிடையாது. தரையில ஒட்டினா அம்சம் பெருக்கறப்ப கிழிஞ்சு போயிரும். நான் அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." அறுபத்து நான்கு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, இடது இறக்கையின் ஜன்னல் கட்டையில் வைத்தார்கள்.

முதல் ஞாயிறுக்குப் பிறகு படங்கள் ஒழுங்காகப் பூசை கண்டன. எழுந்தன, உட்கார்ந்தன, சமாதானம் சொல்லும்போது பக்கத்துப் படத்தைப் பார்த்துத் தலையசைத்தன. அப்பம் வாங்கும் நன்மை நேரம் முடிந்து பார்த்தால் ஒவ்வொரு படத்தின் உதட்டிலும் கடுகளவு வெள்ளையாக ஏதோ இருக்கும். சாமியார் பாத்திரத்தை எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பதினெட்டு அப்பம் குறைந்திருக்கும். வீட்டில் கைலியோடு படுத்துக்கிடந்தவர்கள், நம்ம படம் போயிட்டு வந்திருச்சு என்று நிம்மதியாகப் புரண்டு படுத்தார்கள். பேரவை கூடி விவாதித்தது ஒரே விஷயத்தைத்தான்: வாராவாரம் செலோ டேப் வீணாகிறதே, இருபக்கமும் ஒட்டுகிற டேப் வாங்கலாமா. வாங்கினார்கள்.

ஜன்னல் கட்டையிலிருந்த படக்கட்டை முதலில் கவனித்தது அம்சம்தான். முழந்தாளிடும்போது அதிலிருந்து டக் என்று ஒரு சத்தம் வரும். எழும்போது இன்னொரு டக். கட்டு மரக்கட்டையில் அரை அங்குலம் துள்ளி விழும். உள்ளே இருக்கிற அறுபத்து நான்கு பேரும் மடியப் பார்த்து, ரப்பர் பேண்டு விடாமல், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்கிற சத்தம் அது. அதே நேரத்தில் காலனியில், எந்த வேலையில் இருந்தாலும், எல்லோருக்கும் நெஞ்சின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு எழும்பி மத்தியானத்துக்குள் அடங்கியது. கிராம நர்ஸ் வந்து பார்த்துவிட்டு வேர்க்குரு பவுடர் கொடுத்தார். அம்சத்தின் மகள் ஜீவிதா தஞ்சாவூரில் கணிதம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள், அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போனில் பூசையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "கேமரா நடுவையே பாத்துக்கிட்டு நிக்குதும்மா. நம்ம பக்கம் ஃப்ரேம்லயே இல்ல. கடவுளே நம்மளப் பாக்கணும்னாலும் யாராவது ஸ்டாண்டைத் திருப்பி வச்சாத்தான் உண்டு." அம்சம் மகள் வாயை மூடச் சொல்லிவிட்டு, மறுநாள் சாமியாரிடம் போனாள். "சாமி, கட்டுக்குள்ள இருக்கறவங்களும் முட்டி போடப் பாக்கறாங்க. எடம் இல்லாம இடிச்சுக்கறாங்க."

"எனக்கும் கேக்குது அம்சம். பேரவையில வச்சிருக்கேன்."

"எதை வச்சிருக்கீங்க சாமி?"

"விஷயத்தை."

விஷயம் பதினோரு மாதம் அங்கேயே இருந்தது. நடுவில் செப்டம்பரில் கோயிலைத் திறந்தார்கள். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஒரு பூசைக்கு ஐம்பது டோக்கன் என்று வைத்தார்கள். டோக்கன் குடியானத்தெருவிலிருந்து கொடுத்துக்கொண்டு வரும்போது ஐம்பது அங்கேயே முடிந்துவிடும். காலனிக்குக் கிறிஸ்துமஸ் அன்று ஒரே ஒரு தடவை கிடைத்தது. நாக்கை நீட்டி வாங்கியே பழகியவர்கள் அன்று கையை நீட்டி நன்மை வாங்கினார்கள். அம்சத்தின் வீட்டுக்காரர் ஜெயபால், மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கையில் அப்பம் இருந்ததே தெரியவில்லை என்று சொல்லி, கீழே விழுந்துவிட்டதோ என்று தேடினார். ஏப்ரல் கடைசியில் இரண்டாவது அலை என்று மறுபடி மூடினார்கள். திறந்தபோது உரித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த படங்கள் பெஞ்சுக்குத் திரும்பின. கட்டு ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அதை யாரும் எடுத்து உள்ளே வைத்திருக்கவும் இல்லை.

இந்தத் தடவை ஜனங்கள் செத்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால் அதே நொடியில் அவருடைய படம் பெஞ்சிலிருந்து முகம் குப்புற விழுந்தது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பும் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் அம்சத்துக்குப் போன் செய்து, எங்க அப்பா படம் நிக்குதா பாரும்மா என்று கேட்டார்கள். அவள் பார்த்துச் சொன்னாள். ஒரே மாதத்தில் குடியானத்தெருவில் பதினோரு படங்கள் விழுந்தன. பதினோரு குழியையும் வெட்டியது ஜெயபால். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவது அவர் வேலை, குழி வெட்டுவது அவர் அப்பா விட்டுப்போன வேலை. சம்மனசுநல்லூரில் கல்லறைத் தோட்டம் இரண்டு, குடியானத்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. நடுவில் ஆள் உயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குழி வெட்டலாம், படுக்க முடியாது. சுகாதாரத்துறை எட்டடி கேட்டது. கவச உடை போட்டவர்கள் ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிக் கொடுக்க, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழிக்குள் நின்று வாங்கிக் கிடத்தியவரும் அவரே. ஒன்பதாவதாக இறங்கியவர் துரைராசுவின் அண்ணன் மரியசூசை. அன்று துரைராசு கேட்டுக்கு வெளியே காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்து வாய்க்காலில் இரண்டு தடவை முங்கி எழுந்த ஜெயபால், "சுவருக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன, இடுப்பு ஒண்ணாத்தான் வலிக்குது" என்று சொல்லிப் படுத்தார். மே பதினெட்டாம் தேதி காய்ச்சல். இருபதாம் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கூட யாரையும் விடவில்லை.

இருபத்தொன்றாம் தேதி பக்கத்துப் படுக்கைக்காரர் போனிலிருந்து ஜெயபால் கூப்பிட்டார். "ஏ அம்சம், வெள்ளாளூர் திருவிழா பஸ்ஸுல கூட இப்படி நெருக்கடி இல்ல புள்ள. முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், நெஞ்சை வச்சு அமுக்கறானுங்க."

"ஏங்க, பெட்டுல தனியாத்தானே படுத்திருக்கீங்க?"

"தனியாத்தான் கெடக்கேன். ஆனா கூட்டமா இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "சாமியாரை வரச் சொல்லேன். சாவறதுக்குள்ள ஒரு நன்மை வாங்கிக்கறேன்."

சாமியாரால் போக முடியவில்லை. வார்டுக்குள் விடமாட்டார்கள், சுற்றறிக்கையிலும் அனுமதி இல்லை. நன்மை வாங்க முடியாதவர்கள் ஆசையால் வாங்கிக்கொள்கிற ஜெபம் ஒன்று இருக்கிறது என்று போனில் அதைச் சொல்லிக்கொடுத்தார். வரி வரியாகத் திருப்பிச் சொல்லி முடித்துவிட்டு ஜெயபால், "சாமி, ஜெபம் வாயில கரையலீங்களே" என்றார்.

சனிக்கிழமை காலை, ஏழு மணி வாக்கில், அம்சம் விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு ஜன்னல் கட்டையிலிருந்த படக்கட்டை எடுத்தாள். ஒரு வருட வெயிலில் ரப்பர் பேண்டு உருகிப் படங்களின் ஓரத்தோடு ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்து எடுத்தாள். அது விட்டதும் அறுபத்து நான்கு படங்களும் ஒரே சமயத்தில் உஸ் என்று மூச்சை இழுத்தன. தண்ணீர் திறந்துவிட்ட முதல் நாள் மதகில் கேட்கிற சத்தம் மாதிரி இருந்தது என்று பின்னால் அவள் சொன்னாள். ஜெயபாலுக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் முப்பத்து மூன்று பேர். அத்தனை பேர் நடுவில் சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். மற்றவர்களை இடது இறக்கையின் தரையில், ஒருவர்மேல் ஒருவர் படாமல், கையகல இடம் விட்டுப் பரப்பினாள். ஜீவிதாவுக்குப் போன் செய்து ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னாள். எண்பத்திரண்டில் நின்ற ஆக்ஸிஜன் அளவு இப்போதுதான் எண்பத்தொன்பதுக்கு ஏறியிருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று நர்ஸ் சொன்னதாக மகள் சொன்னாள். ரப்பர் பேண்டுக்கு ஏழு. அம்சம் பள்ளிக்கூடம் போனவள் அல்ல, இந்தக் கணக்கு அவளுக்குப் புரிந்தது. நடுக்கோயிலைப் பார்த்தாள். விழுந்த படங்களின் இடங்கள் பெஞ்சுகளில் பல் விழுந்த மாதிரி இருந்தன. மூன்றாவது பெஞ்சில் துரைராசுவின் படத்துக்குப் பக்கத்தில் மரியசூசையின் இடம் ஒன்பது நாளாகக் காலி. வீட்டுக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு பிடி ரேஷன் அரிசிச் சோற்றை எடுத்துவந்து, உள்ளங்கையில் வைத்துக் குழைத்து, அந்த இடத்தில் அப்பி, புருஷனை உட்கார வைத்தாள். ஜீவிதாவை மறுபடி கேட்கச் சொன்னாள். தொண்ணூற்றைந்து.

மறுநாள் ஞாயிறு, அந்த வருடத்துப் பெந்தெகோஸ்தே. அன்றைக்கு நேரலையைத் திறந்த குடியானத்தெரு முழுதும் மூன்றாவது பெஞ்சில் கோட்டுகளுக்கும் பட்டு வேட்டிகளுக்கும் நடுவில் பீடிக்கட்டோடு ஒரு பாஸ்போர்ட் சைஸ் முகத்தைப் பார்த்தது. அதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தது. எல்லோரும் உட்கார்ந்தபோது துரைராசுவின் படம், பஸ்ஸில் புதிதாக ஏறியவருக்குச் செய்கிற மாதிரி, ஒரு சாண் நகர்ந்து இடம் கொடுத்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்த துரைராசு ஒரு இஞ்சு கூட நகரவில்லை என்று அவர் மனைவி அன்றைக்கே பத்துப் பேரிடம் போன் போட்டுச் சொன்னார். நன்மை நேரம் வந்தது. முடிந்தபோது ஜெயபாலின் உதட்டில் கடுகளவு வெள்ளை இருந்தது. அம்சத்தின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. "அம்சம்" என்றார் ஜெயபால். "வாயில கரையுதுடி. எச்சி ஊறுது." பக்கத்துப் படுக்கைக்காரர் போனை வாங்கிக்கொள்ளும்வரை மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். நல்ல மூச்சு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் துரைராசு வந்தார், கையில் பெயிண்ட் சுரண்டுகிற தகடு. பின்னால் சாமியார். மூன்று பேரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். துரைராசு முதலில் திட்டியது தன் படத்தைத்தான். "நீ ஏன்யா நகர்ந்தே? உனக்கு யாரு சொன்னா?" படம் ஸ்டுடியோவில் சொல்லிக்கொடுத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"அம்சம், இது எங்க அண்ணன் எடம்."

"தெரியும் ஐயா. உங்க அண்ணனை எறக்கி விட்டது இவருதான். நீங்க கார்ல இருந்தீங்க."

"அது அவன் வேலை."

"பூசைக்கு உக்காரறதும் வேலைதாங்க. யாரும் கொடுக்கலை, அவ்வளவுதான்." சொன்ன பிறகு அவளுக்கே பயமாகிவிட்டது. குரலை இறக்கினாள். "ஐயா, இதைச் சுரண்டினீங்கன்னா அங்க அவருக்கு மூச்சு நின்னுபோயிரும். ஒரு வாரம் பொறுத்துக்கங்க. அவரு வீட்டுக்கு வந்துரட்டும், நானே எடுத்துர்றேன். உங்க எடம் உங்களுக்குத்தான்."

"ஒரு வாரம்தானே, விட்டுரலாமே துரைராசு" என்றார் சாமியார்.

"ஒரு வாரம் விட்டா வழக்கமாயிரும் சாமி. அப்புறம் நீங்க மாத்தலாகிப் போயிருவீங்க. நாங்கதானே இங்க கெடக்கணும்."

சாமியார் பீடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் மாறியிருக்கவில்லை. அம்சம் உள்ளங்கையைப் படத்தின்மேல் வைத்து மூடினாள். துரைராசு கெட்டவர் அல்ல என்று ஊரில் சொல்வார்கள். அவள் கையில் படாமல்தான் சுரண்டினார். அடி ஓரத்திலிருந்து ஆரம்பித்து, அவள் சுண்டுவிரலுக்குக் கீழே தெரிந்த மட்டும், பொறுமையாக, சோற்றுப் பசையோடு காகிதம் சுருள் சுருளாக வர, சட்டைப் பைக்குக் கீழ் வரை வந்தார். பத்து இருபதுக்குப் போன் அடித்தது. ஜீவிதா. அம்மா என்றாள். விலா முழுக்கப் புதிதாகச் சிராய்ப்பு இருந்ததாகவும், கட்டிலில் எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்றும் நர்ஸ் பிறகு சொன்னார். சான்றிதழில் கொரோனா என்று இருக்கிறது. அது பொய் இல்லை. பத்து மணி வரைக்கும் கொரோனாதான்.

துரைராசு தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாமியாரும் அம்சமும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செத்தவர் படம் குப்புற விழ வேண்டும். பதினோரு தடவை பார்த்தது. பைக்கு மேலே மிஞ்சியிருந்த ஜெயபால் விழவில்லை.

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. குழி வெட்டுகிறவருக்குக் குழி வெட்ட ஆள் இல்லை; காலனி ஆண்கள் பாதிப் பேர் காய்ச்சலில், மீதிப் பேருக்குத் தகரம் அடித்து அடைத்த தெரு. ஊராட்சியில் சொல்லி வந்த பொக்லைன், சுவருக்கு இந்தப் பக்கம் பாதை இல்லாததால் வடிகால் கரையில் நின்றுவிட்டது. அம்சம், ஜீவிதா, பக்கத்து வீட்டுக் காளியம்மாள், கூட நடவுக்குப் போகிற நான்கு பெண்கள், பொழுது விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை வெட்டினார்கள். இடுப்பளவு வந்தபோது ஊற்று கசிந்தது. காவிரிக் கரையோரம் அப்படித்தான். ஈரக் களிமண்ணை ஈயச் சட்டியில் அள்ளி அள்ளி வெளியே கொட்டி எட்டடி கொண்டுபோனார்கள். நாற்று நட்ட கைகள் என்பதால் ஓரம் நூல் பிடித்த மாதிரி வந்திருந்தது. சாமியார் ஆறடி தள்ளி நின்று ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். ஜீவிதா அவரைப் பார்த்த பார்வையில் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டார். அந்த ஞாயிறு பூசையில், முழந்தாளிடுவோம் என்றதும், மூன்றாவது பெஞ்சில் ஜெயபாலின் படம் பைக்கு மேலே, இருக்கிற மட்டில், மடிந்தது.

ஜூலையில் கோயிலைத் திறந்தார்கள். பெஞ்சிலிருந்த படங்களை உரித்துக் கவரில் போட்டு வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார்கள்; காலனிப் படங்கள் அறுபத்து மூன்றை அம்சம் முந்தானையில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். ஜெயபால் வரவில்லை. வெந்நீர் ஊற்றினார்கள், மண்ணெண்ணெய் தடவினார்கள். மேலே பெயிண்ட் அடித்தார்கள்; காய்ந்ததும் பெயிண்ட் மட்டும் உதிர்ந்தது. அடுத்த வருடம் பூதலூரிலிருந்து தச்சரை வரவழைத்துச் சாய்மானப் பலகையையே மாற்றினார்கள். சனிக்கிழமை மாற்றிய புதுப் பலகையில் ஞாயிறு காலை அவர் இருந்தார். பழைய பலகையில் ஒரு சின்னச் சதுரம் வெளுத்துக் கிடந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். சாமியார் இருதயநாதன் மாற்றல் வந்து போனார். போகிற அன்று அந்தப் பெஞ்சின் முன்னால் கொஞ்ச நேரம் முழந்தாளிட்டிருந்தார், என்ன கேட்டார் என்று தெரியாது. துரைராசுவால் அந்தப் பெஞ்சை விட்டுப் போக முடியவில்லை, அதில் அவர் அப்பா பெயர் எழுதியிருக்கிறது. ஒரு சாண் தள்ளி உட்காருகிறார்.

அம்சம் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் போய் அந்தப் படத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பெஞ்சு காலியானது. இரண்டாவது ஞாயிறு இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். நான்காவது ஞாயிறு நிறைந்துவிட்டது. மனம் மாறியதால் அல்ல, பின்னால் நின்றுகொண்டே பூசை கண்டதில் கால் வலி. காலனியிலிருந்து இப்போது ஏழு பேர் நடுக்கோயிலில் உட்காருகிறார்கள். மற்றவர்கள் இன்னும் இடது இறக்கையில்தான். கல்லறைச் சுவருக்குப் போன வருடம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜீவிதா கோயிலுக்கு வருவதில்லை. படிப்பை முடித்துவிட்டுத் திருச்சியில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் அம்மாவைக் கோயில் வாசல் வரை வண்டியில் கொண்டுவந்து விடுகிறாள். "பாதிப் படத்துக்கு எடம் கொடுக்க ஒரு உசுரு ஆச்சு. முழு ஆளுக்கு எத்தனைம்மா கேப்பானுங்க?" என்று ஒரு தடவை, சாமியார் காதில் விழும்படி, வண்டியை அணைக்காமலே கேட்டாள். அம்சம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பூசைக்கு மணி அடித்துவிட்டது.

2024ஆம் வருடம் புதிதாக வந்த சாமியார் பங்குக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக வந்தார். அவர் கையிலிருந்தது நாற்பது வருடத்துப் பதிவேடு. காலனிப் பக்கங்களில், கோயிலில் இடம் என்ற கட்டத்தில், வரிசையாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'இடது இறக்கை' என்று வெவ்வேறு சாமியார்களின் கையெழுத்தில் இருந்தது. அம்சம் கயிற்றுக் கட்டிலில் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள்.

"வீட்டுக்காரர் பேருங்கம்மா?"

"ஜெயபால்."

"இறந்த தேதி?"

"ரெண்டாயிரத்து இருபத்தொன்னு, மே இருபத்தஞ்சு. காலையில பத்து இருபது."

எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்துக்கு வந்து, ஞாயிறு பூசைக்கு வருகிறாரா என்று அச்சடித்திருந்ததை வாய்க்குள் வாசித்துவிட்டு நிறுத்தினார். மூன்று மாதமாக அவரும் பீடத்திலிருந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"வர்றாரு சாமி" என்றாள் அம்சம். "ஒரு வாரம் தவறுனதில்ல."

அவர் ஆம் என்பதில் குறி போட்டார். கடைசிக் கட்டத்தில் 'இடது இறக்கை' என்று இருந்தது. பழைய எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மேலே 'நடு, மூன்றாவது பெஞ்சு' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

"உங்க எடம் எதுங்கம்மா?"

"அவரு பக்கத்துல."

அதையும் அப்படியே எழுதிக்கொண்டு, மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.